இலங்கை உள்ளூராட்சித் தேர்தல்: ஒரே புள்ளடி, இரண்டு வேலை

கேள்வி (பொகவந்தலாவை): அண்ணே, நாங்க போடுற கட்சி எங்க வட்டாரத்துல வெல்லாது. போட்டு என்ன பயன்?

பதில்: பயன் நிறையவே உண்டு, தம்பி. 2018 முதல் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலாலும் வருகிறார்கள். உங்கள் புள்ளடி (X அடையாளம்) இரண்டுக்குமே கணக்கு. 20 பேர் கொண்ட சபையில் 20,000 செல்லுபடியான வாக்குகள் என்று வையுங்கள்; ஆயிரத்துக்கு ஓர் ஆசனம். ஒரு வட்டாரமும் வெல்லாத கட்சி சபை முழுவதும் 2,600 எடுத்தால் இரண்டு ஆசனம் உறுதி. மிச்சம் 600 மற்றவர்களின் மிச்சத்தைவிடப் பெரிதானால் மூன்றாவதும் வரும்.

கேள்வி (மஸ்கெலியா): அப்ப சில சபைகள்ல ஆள் கூடுறது எப்படி?

பதில்: அதே சபையில் 7,000 வாக்கெடுத்த கட்சிக்கு உரியது 7. அது 9 வட்டாரங்களில் வென்றால் அந்த ஒன்பது பேரும் இருப்பார்கள், சபை 22 ஆகும். அந்தக் கட்சிக்குப் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது. சபையில் பெண்களுக்கான 25 வீதம் எட்டாமல் போவதும் இங்கேதான்: பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வட்டார வேட்பாளர்களிலோ 10 வீதம் போதும்; பட்டியலில் ஒன்றும் கிடைக்காத கட்சியிலிருந்து பெண்கள் வருவது குறைகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இத்தனை பேர் வாக்களிக்கும் தோட்டங்களில் வட்டாரத்துக்கு ஆண்களையே நிறுத்துவது அநியாயம்.

கேள்வி (தலவாக்கலை): 1, 2, 3 என்று போடலாமா?

பதில்: கூடாது. அது ஜனாதிபதித் தேர்தலுக்கு. இங்கே விருப்பு வாக்கே இல்லை. ஒரு சின்னத்துக்கு நேரே ஒரே புள்ளடி. இரண்டு சின்னங்களுக்குப் போட்டால் வாக்கு நிராகரிக்கப்படும்.

கேள்வி (கொழும்பில் கடை வேலை, வாக்கு அக்கரப்பத்தனையில்): லீவு உண்டா?

பதில்: உண்டு, சம்பளத்துடன். 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் பிறகு நிரூபிக்க முடியாது.

கேள்வி (கொட்டகலை): அம்மாவின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. வாக்காளர் அட்டை போதுமா?

பதில்: போதாது. செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை இவற்றில் ஒன்று இருந்தால் சரி. ஒன்றுமில்லாவிட்டால் தற்காலிக அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே போங்கள், கடைசி வாரம் வரை வைக்க வேண்டாம்.

கேள்வி (நோர்வூட்): தோட்டத்துப் பாதை கம்பெனிக்குரியது, சபை தொடாது என்கிறார்களே?

பதில்: பழைய சாக்கு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவிடலாம். வாக்குக் கேட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வருபவரிடம், எந்தப் பாதையை எந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்ப்பார் என்று கேளுங்கள்.