நாடகப் பிரதிக்குப் போலீஸ் முத்திரை வேண்டுமா?

கேள்வி: வங்கி, பள்ளிக்கூடம் என்று வெவ்வேறு இடங்களில் வேலை பார்க்கும் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்துகிறோம். மாநகராட்சி கவுன்சிலர் ஒருவர் முதலமைச்சர் நாற்காலி வரை போகும் கதையை ஒன்றரை மணி நேர அரசியல் நகைச்சுவை நாடகமாக எழுதி, ஒத்திகையும் முடியப்போகிறது. மயிலாப்பூரில் 120 இருக்கைகள் உள்ள சின்ன அரங்கம் ஒன்றைப் பேசினோம். 'ஸ்கிரிப்டைப் போலீஸில் கொடுத்து என்.ஓ.சி. வாங்கி வந்தால்தான் தேதி' என்கிறார் மேலாளர். அவரே ஒருவருடைய போன் நம்பரையும் கொடுத்தார். அந்த ஆள் 'ஸ்கிரிப்ட் கிளியரன்ஸ்' வாங்கித் தர 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டோம், ஆனாலும் வழக்கு வருமா? தேர்தல் முடியும்வரை தள்ளிப்போடச் சொல்கிறார்களே, அது அவசியமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேடை நாடகத்துக்கு அப்படி ஒரு வாரியமே கிடையாது. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் நாடகப் பிரதியை முன்கூட்டியே படித்துச் சான்று தரும் ஏற்பாடு உண்டு. அங்கிருந்து வரும் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அதே விதி என்று நினைப்பவர்கள் நிறைய. இங்கே இருந்தது வேறு. வெள்ளைக்காரன் காலத்து 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்று. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை முடக்குவதற்காக 1954-இல் அன்றைய சென்னை மாநில அரசு கொண்டுவந்த சட்டம் இன்னொன்று. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தை மத்திய அரசே 2018 தொடக்கத்தில் நீக்கிவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும் 'ஸ்கிரிப்ட் கொண்டு வா' என்ற பேச்சு மட்டும் நின்றபாடில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பழைய ஆள் போகும்போது புதிய ஆளிடம் வழக்கத்தைக் கைமாற்றிவிடுகிறார், தீர்ப்பை யாரும் கைமாற்றுவதில்லை. எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான்.

சரி, அந்த ஆள் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உங்களுக்கு என்ன தருவார் என்று பார்ப்போம். உங்கள் பெயரில் ஒரு கடிதம் டைப் செய்வார். அதைக் காவல் நிலையத்திலோ ஆணையர் அலுவலகத் தபால் பிரிவிலோ கொடுப்பார். நகலில் ஒரு வட்ட முத்திரை விழும். 'கடிதம் பெற்றுக்கொண்டோம்' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. அதை 'கிளியரன்ஸ்' என்று சொல்லி உங்கள் கையில் கொடுப்பார். நீங்களே நேரில் போனால் அந்த முத்திரை இலவசம். இந்த மாதிரி ஆட்கள் தனியாக இயங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். நம்பரைக் கொடுத்தது யார்? அரங்க மேலாளர். அவருக்கு இதில் பங்கு இருக்கிறதா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் தடையைச் சொல்பவரும் தடையை நீக்கும் ஆளைக் காட்டுபவரும் ஒருவராகவே இருந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து பணத்தைவிடப் பெரியது. பிரதி அவர் கைக்குப் போகிறது. அங்கிருந்து எந்தக் கட்சிக்காரரின் வாட்ஸப்புக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா? மேடைக்கு வராத நாடகத்துக்கு எதிர்ப்பு கிளம்புவது பெரும்பாலும் இப்படிப் பிரதி கசிவதால்தான். முழுப் பிரதியை நடிகர்களையும் மேடை நிர்வாகியையும் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அரங்கம் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அதன் ஆய்வாளருக்கு ஒரு பக்கக் கடிதம். 'அனுமதி வேண்டி' என்று தலைப்பிடாதீர்கள், 'தகவலுக்காக' என்று எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எதிர்பார்க்கும் பார்வையாளர் எண்ணிக்கை, பொறுப்பாளரின் தொலைபேசி எண், நாடகத்தின் பெயர், 'நகைச்சுவை நாடகம், கற்பனைக் கதை' என்று ஒரு வரி. கடிதத்தை இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம், ஒப்புகை பெறும் வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கிரிப்ட் கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். குரலை உயர்த்தாமல், 'எழுத்தில் கொடுங்க சார், குழுவில் காட்டணும்' என்று சொன்னால் போதும். எழுத்தில் கொடுக்க அநேகமாக யாரும் முன்வருவதில்லை.

அடுத்தது அரங்க ஒப்பந்தம். பல குழுக்கள் மாட்டுவது போலீஸிடம் இல்லை, இங்கேதான். வாடகைப் படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: 'ஆட்சேபம் ஏதும் எழுந்தால் நிகழ்ச்சியை ரத்து செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' யாருடைய ஆட்சேபம்? எப்படிப்பட்ட ஆட்சேபம்? எதுவும் இருக்காது. அரசியல் நாடகம் போடுபவர் அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், ஊரில் யாரோ ஒருவர் அரங்கத்துக்குப் போன் செய்தாலே உங்கள் நாடகம் நின்றுவிடும். உங்கள் வாடகையும் போய்விடும். அந்த வரியை அடித்து, 'நீதிமன்றமோ உரிய அதிகாரியோ எழுத்து மூலம் தடை விதித்தால் மட்டுமே ரத்து, வேறு காரணத்துக்காக நிர்வாகம் ரத்து செய்தால் வாடகையும் முன்பணமும் ஏழு நாளில் முழுவதுமாகத் திருப்பித் தரப்படும்' என்று எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். மேலாளர் தயங்கினால் அரங்கத்தை நடத்தும் சபாவின் செயலாளரிடமோ அறங்காவலரிடமோ நேரடியாகப் பேசுங்கள். மேலாளருக்குப் பயம், செயலாளருக்கு அரங்கம் காலியாகக் கிடக்கக் கூடாது என்ற கவலை. இரண்டாமவரோடு பேசுவது சுலபம். அவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு அரங்கம் பாருங்கள். 120 இருக்கைக்கு மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் பக்கம் இடம் கிடைக்காமல் போகாது.

அரங்கத்துக்கான உரிமம், தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று எல்லாம் அரங்க உரிமையாளரின் பொறுப்பு. அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் ஏற்காதீர்கள்.

போன் மிரட்டலைப் பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. 2019-இல், வங்காள அரசியல் நையாண்டிப் படம் ஒன்றைத் திரையரங்குகளிலிருந்து மறைமுகமாக எடுக்க வைத்ததற்காக மேற்கு வங்க அரசு 20 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சபா செயலாளரிடம் பேசப் போகும்போது இந்த இரண்டையும் சொல்லுங்கள். அவருக்கும் தைரியம் வரும்.

வழக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று அறிவித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்புபவர்கள் அதிகம். அந்த அறிவிப்பு உங்களைக் காப்பாற்றாது. பெயரை மாற்றுவதும் காப்பாற்றாது. பார்ப்பவர் 'இது இன்னார்' என்று அடையாளம் காண முடிந்தால், அவதூறுச் சட்டம் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அது, இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. பயந்துவிட வேண்டாம். பதவியில் இருப்பவரின் பொதுச் செயல்பாட்டைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. எது கருத்து, எது குற்றச்சாட்டு என்பதில்தான் விஷயம். ஒரு தலைவரின் நடை, பேச்சு, கட்சி மாறும் வேகம், வாக்குறுதி, சட்டமன்றத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எதைக் கிண்டல் செய்தாலும் நீங்கள் பாதுகாப்பான பக்கம் நிற்கிறீர்கள். அடையாளம் தெரிகிற ஆளைக் காட்டி, 'இன்ன டெண்டரில் இன்னாரிடம் இவ்வளவு வாங்கினார்' என்று தகவல் போலச் சொன்னால் நீங்கள் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். பிரதியை எடுத்து, தொகையும் இடமும் குறிப்பிட்ட நிகழ்வும் வரும் வசனங்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுங்கள். அவை மட்டும் மாறினால் போதும். தலைவரின் மனைவி, பிள்ளைகள், உடல் குறை, சாதி, மத வழிபாடு இவற்றை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அரசியல் நாடகத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

இப்போது தேர்தல். இதில் மட்டும் நீங்கள் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 'தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது, நாடகம் கூடாது' என்று மேலாளர்கள் சொல்வது தவறு. அந்த விதி கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் ஆட்சியில் இருப்பவர்களுக்கும் உரியது, உங்கள் குழுவுக்கு அல்ல. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126-ஆம் பிரிவு வேறு விஷயம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், அந்த வாக்குப்பதிவுப் பகுதியில், இசை நிகழ்ச்சி, நாடகம் முதலியவற்றால் மக்களைத் திரட்டித் தேர்தல் விஷயத்தைப் பரப்பக் கூடாது என்று அது சொல்கிறது. நாடகம் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம்.

48 மணி நேரத்தை வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணக் கூடாது, முடியும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் மாலை 6 மணிக்கே தடை ஆரம்பம். செவ்வாய் மாலை 6.30 காட்சி மாட்டிக்கொள்ளும். புதன் முழுவதும் கூடாது. செவ்வாய் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடியும் காட்சிக்குத் தடை இல்லை. டிக்கெட் இல்லை, இலவசம்தான் என்று சொல்லித் தப்ப முடியாது, பணம் வாங்கினீர்களா என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. 'எங்கள் நாடகம் எந்தக் கட்சிக்கும் ஆதரவு இல்லை' என்பது நல்ல வாதம்தான், ஏனென்றால் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கமுள்ளதைத்தான் தேர்தல் விஷயம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாதத்தை மேடையில் செய்ய முடியாது, நீதிமன்றத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்த இரண்டு நாளை விட்டுவிடுங்கள். இடைத்தேர்தல் என்றால் தேர்தல் நடக்கும் தொகுதிக்குள் அரங்கம் இருந்தால் மட்டுமே இந்தக் கவலை. வேறு ஊரில் இடைத்தேர்தல் என்பதற்காக மயிலாப்பூரில் நாடகத்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை. மற்றபடி தேர்தல் நேரம்தான் உங்கள் நாடகத்துக்கு மிகச் சரியான நேரம். தள்ளிப்போடாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் உங்களைத் தேடி வருகிற 'ஸ்பான்சர்' விஷயத்தில் கவனம் வேண்டும். மொத்தமாக 60 டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்பார். ஒரு வாரம் கழித்து, 'அந்த இரண்டாம் காட்சியைக் கொஞ்சம் மாத்திடுங்க தம்பி' என்பார். கட்சிப் பணம் ஒரு ரூபாய் உள்ளே வந்தாலும் நாடகம் பிரசாரமாகிவிடும், வேட்பாளரின் செலவுக் கணக்கு வரை போகும். 120 இருக்கையை நீங்கள் எட்டுப் பேரே நிரப்பிவிடலாம். டிக்கெட்டை 500 ரூபாய்க்குள் வையுங்கள், அதுவரை நாடக நுழைவுச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சினிமாப் பாட்டு மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடும் எண்ணம் இருந்தால் விட்டுவிட்டு, உங்கள் குழுவிலேயே யாரையாவது புது மெட்டுப் போடச் சொல்லுங்கள்.

நாடக நாளன்று நாடகம் முழுவதையும், திரை விலகுவது முதல் நன்றி சொல்வது வரை, வெட்டாமல் ஒரே கேமராவில் பதிவு செய்யுங்கள். பார்வையாளர் ஒருவர் 20 விநாடி செல்போனில் எடுத்துப் போட்டால், முன்னும் பின்னும் இல்லாத அந்தத் துண்டுதான் புகாராக வரும். முழுப் பதிவு உங்களிடம் இருந்தால் வழக்கறிஞரால் ஒரே நாளில் பதில் எழுத முடியும். தேதியும் நேரமும் தெரியும்படி மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், எடிட் செய்தால் நகலில் செய்யுங்கள். வாசலில் யாராவது வந்து நாடகத்தை நிறுத்தச் சொன்னால் நடிகர்கள் வெளியே போகக் கூடாது. கடிதத்தில் பெயர் போட்ட பொறுப்பாளர் மட்டும் போக வேண்டும், கையில் முத்திரை விழுந்த நகலோடு. போலீஸ்காரரே வந்து நிறுத்தச் சொன்னால் அவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதும்வரை நாடகம் நடக்கட்டும்.