பெல்ட் மடிப்பில் பிய்ந்தால் நீளம் குறையாமல் சரிசெய்வது எப்படி?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பாவின் பழைய தோல் பெல்ட். பக்கிள் மாட்டும் மடிப்பு வெடித்துப் பாதி பிய்ந்துவிட்டது. பெல்ட் நுனியைச் செருகும் லூப் எப்போதோ அறுந்துபோனது. வார் மட்டும் நன்றாக இருக்கிறது. பிய்ந்ததை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்தால் இரண்டு அங்குலம் போய்விடும், இடுப்புக்குப் பத்தாது என்கிறார்கள். நானே தோல் வாங்கிச் சரிசெய்ய வழி உண்டா?"

உண்டு. ஆனால் முதலில் வாரைப் பாருங்கள். வெடித்த இடத்தில் தோலின் குறுக்குவெட்டு தெரியும். உள்ளே நார் நாராக, பின்னிக்கிடப்பதுபோல இருந்தால் முழுத் தோல். தாராளமாக வேலை செய்யலாம். மேலே வழவழப்பான ஏடு, உள்ளே அட்டைபோல உதிரும் தூள் என்றிருந்தால் அது தோல் தூளைப் பசையில் ஒட்டிச் செய்தது. அதில் தையல் நிற்காது, உழைப்பு வீண். "ஒரிஜினல் லெதர்" என்று முத்திரை குத்தியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மறுபடி மடித்தால் நீளம் போகும் என்று அவர்கள் சொன்னது சரிதான். மடிப்புக்கு 5 செ.மீ. வேண்டும், துளைகளுக்கு நடுவே வழக்கமாக 2.5 செ.மீ. இடைவெளி, ஆக, இரண்டு துளை நகர வேண்டிவரும். வாரை மடிக்கவே வேண்டாம். பக்கிளைச் சுற்றிவர ஒரு புதுத் துண்டு வெட்டி, அதை இரண்டாக மடித்து, அந்த இரண்டு இதழ்களுக்கு நடுவே பழைய வாரைச் செருகித் தைத்துவிடுங்கள்.

துண்டுக்குத் தாவரப் பதனிட்ட தோலே நல்லது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது நம் ஊரில் நெடுங்காலம் நடந்த தொழில். அப்படிப் பதனிட்ட தோல் ஈரத்தில் மடித்து உலர்த்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும், ஓரமும் தேய்த்தால் பளபளக்கும். குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் மெத்தென்றிருக்கும், ஆனால் இழுபடும். சென்னைப் பக்கம் போனால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் வெட்டுத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். 2 மி.மீ. கனம் போதும். முதுகுப் பகுதித் தோலாக, முதுகெலும்பு ஓடும் திசையில் நீளம் வருமாறு வெட்டுங்கள்; வயிற்றுப் பகுதி கொஞ்ச நாளில் நீண்டுவிடும்.

பெல்ட்டின் அகலத்துக்கே, 16 செ.மீ. நீளத்தில் துண்டை வெட்டுங்கள். நட்டநடுவில் பக்கிள் முள்ளுக்கு 2.5 செ.மீ. நீளத் திறப்பு வேண்டும். இதைக் கத்தியால் நேரே கீறாதீர்கள், கீறலின் முனை கிழிந்துகொண்டே போகும். இரு கோடியிலும் பஞ்ச் கருவியால் 5 மி.மீ. துளை போட்டு, இரண்டையும் இணைத்து வெட்டினால் முனை வட்டமாக நிற்கும், கிழியாது. பிறகு ஈரத்துணியால் நடுப்பகுதியை நனைத்துப் பக்கிளோடு மடித்து, ஒரு இரவு உலரவிடுங்கள். பக்கிள் பித்தளையாக இருக்கட்டும். பூச்சு போன இரும்பு, ஈரமான தாவரத் தோலில் பட்டால் தோல் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வினைதான்.

பழைய வாரை மடிப்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். ஒவ்வொரு இதழும் 8 செ.மீ., அதில் 5 செ.மீ. வாரின்மேல் படியும், பழைய நீளம் அப்படியே இருக்கும். செருகும் பகுதியில் வாரின் அடிப்புறத்தைச் சரிவாகச் சீவி முனையில் பாதிக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். இதழ்களின் ஓரத்தையும் மெல்லச் சீவாவிட்டால் பேண்டில் நுழையும்போது மேடு தட்டும்.

மீதியுள்ள 3 செ.மீ. இடைவெளிதான் லூப்பின் இடம். 1.2 செ.மீ. அகல வார் ஒன்றை, முன் இதழையும் பெல்ட்டின் நுனியையும் சேர்த்துச் சுற்றி அளந்து வெட்டி, இரண்டு முனையையும் இதழ்களுக்கு நடுவே ஒளித்துத் தையுங்கள். அளவைக் காகிதத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கமாகப் போனால் தினமும் அவஸ்தை.

வாரின் வழவழப்பான மேற்புறத்தில் பசை பிடிக்காது. உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு அழுத்துங்கள். பலர் அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டி, இரண்டே நாளில் பிரிந்துவிட்டது என்று வருந்துவது இங்கேதான்.

பசை பிடித்துவைக்க மட்டுமே. பாரம் தாங்குவது தையல். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு போட்டு, 4 மி.மீ.க்கு ஒரு துளை குத்தூசியால் குத்துங்கள். நெருக்கமாகக் குத்தினால் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். மெழுகு பூசிய நூல் ஒன்றின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு ஊசியையும் எதிரெதிராகச் செலுத்தி இழுங்கள். மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு போகும். இந்த இரண்டு ஊசித் தையலில் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் தாங்கும். கடைசியில் மூன்று துளை பின்னால் வந்து முடியுங்கள்.

ஓரங்களைச் சற்று நனைத்து மழமழப்பான மரக்குச்சியால் தேய்த்து, தேன்மெழுகு பூசினால் வியர்வை உள்ளே இறங்குவது குறையும். தேங்காயெண்ணெய் வேண்டாம், தோல் ஊறித் தளர்ந்துவிடும்.

சீவும் வேலை கைவராவிட்டால், துண்டையும் லூப்பையும் நீங்கள் வெட்டி எடுத்துக்கொண்டு தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். "ரெண்டு ஊசி போட்டு, கையால தைச்சுக் கொடுங்கண்ணே" என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.