பாலைவனப் பள்ளியில் "நாம்" என்றால் யார் யார்?

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பழங்குடி மக்கள் வாழும் தொலைதூர ஊர் ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா, அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் ஊரில் மூன்று ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சில நூறு பேரே இருக்கும் இடம், பெயரைச் சொன்னால் நான் பேசும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துவிடும். நடு ஆஸ்திரேலியாவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து வடமேற்கே போகும் தனாமி சாலைப் பக்கம், வார்ல்பிரி மக்களின் மண். இவ்வளவு போதும்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. "வார்ல்பிரி" என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் படிக்கும் விதம். அந்த மக்கள் வாயில் கேட்டால் கிட்டத்தட்ட "வள்பிழி" என்று வரும். ஆம், ள-வும் ழ-வும் அங்கே இருக்கின்றன. ட, ண, ஞ எல்லாமும் உண்டு. என்னோடு வேலை செய்த மெல்போர்ன்காரர்கள் பல மாதம் பழகியும் ன-வுக்கும் ண-வுக்கும் வித்தியாசம் பிடிக்க முடியாமல் தவித்தார்கள். எனக்கு அது முதல் வாரமே காதில் விழுந்தது. என்னைத் திணறடித்தது ங மட்டும்தான். தமிழில் ங-வில் தொடங்கும் சொல் அரிச்சுவடியோடு நின்றுவிடும். அங்கே வீட்டுக்கும் ஊருக்கும் சொல்லும் "ஙுரா" முதற்கொண்டு எத்தனையோ சொற்கள் அதில்தான் தொடங்குகின்றன.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் பெரியது என்னும் பொருளில் "big" என்று எழுத வேண்டிய இடத்தில், பன்றி என்று பொருள் வரும்படி "pig" என்று எழுதுவார்கள். முன்பு அங்கே இருந்தவர்கள் இதைக் கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அது கவனக்குறைவே இல்லை. நம்முடைய ப ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பது போல, வார்ல்பிரியிலும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் நானும் அதே பிழையைச் செய்தேன், அதே சிவப்பு மையை வாங்கினேன்.

இன்னொரு நாள் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஆங்கிலத்தில் "வீ" என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். ஒரு சிறுமி, எந்த "வீ" என்று கேட்டாள். நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு. அவளுக்கு நான்கு. கேட்பவரையும் சேர்த்து இருவர் என்றால் ஙலி, சேர்க்காமல் இருவர் என்றால் ஙஜரா. அதற்கு மேற்பட்டவர்கள், கேட்பவரையும் சேர்த்து என்றால் ஙலிப்பா, சேர்க்காமல் என்றால் ஙனிம்பா. இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிற ஏழு வயதுக் குழந்தையை, ஆங்கிலத் தேர்வுத்தாள் "பின்தங்கியவள்" என்று சொல்லிவிடுகிறது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1973-ல், இந்த ஊர்கள் அடங்கிய நார்தர்ன் டெரிட்டரி என்னும் ஆட்சிப் பகுதியில் இருமொழிக் கல்வி தொடங்கியது. அடுத்த ஆண்டே யுவெண்டுமு என்னும் வார்ல்பிரி ஊரின் பள்ளியில் வார்ல்பிரி வழிப் பாடம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்ல, அங்கேயே நூற்றுக்கணக்கான வார்ல்பிரி வாசிப்பு நூல்களை அச்சிட்டார்கள். 2008-ல் தேசிய அளவிலான எழுத்தறிவுத் தேர்வு முதல் முறையாக நடந்தது. தொலைதூரப் பள்ளிகளின் மதிப்பெண் குறைவாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஒவ்வொரு பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று டெரிட்டரி அரசு அறிவித்தது. நான்கு மணி நேரம் போனால் பள்ளி நாளில் என்ன மிஞ்சும்? பிள்ளைகள் களைத்துப் போயிருக்கும் கடைசி நேரம்தான். அந்த விதி பிற்பாடு தளர்ந்தது. இடையில் மொழியைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர் ஆசிரியைகள். யுவெண்டுமு, லாஜமானு, வில்லோரா, ஞிர்ப்பி ஆகிய நான்கு பள்ளிகளின் வார்ல்பிரி ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடத்திட்டம் வகுப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தங்கள் நிலத்தில் உள்ள தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் உரிமைத் தொகையின் ஒரு பகுதியை 2005 முதல் கல்விக்கென்றே ஓர் அறக்கட்டளையில் வைத்திருக்கிறார்கள். அது அந்த மக்களின் சொந்தப் பணம்.

என் வகுப்பிலும் அப்படி ஓர் உள்ளூர் ஆசிரியை இருந்தார். பதவிப் பெயர் "உதவி ஆசிரியை". நான் மூன்றாண்டு இருந்தேன், அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே அறையில் இருக்கிறார். யார் யாருக்கு உதவி என்று நீங்களே சொல்லுங்கள்.

போய் மூன்றாவது வாரம் அவர் எனக்கு ஓர் உறவுப் பெயர் கொடுத்தார்: நம்பிஜின்பா. அவருடைய பெயரும் அதுவே. அதனால் அவருக்கு நான் தங்கை, அவர் பிள்ளைகளுக்கு நான் சித்தி, அவர்கள் வழக்கில் அம்மா என்றே சொல்வார்கள். ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு என்று இந்தப் பெயர்கள் உண்டு. ஆண் பெயர் ஜ-வில் தொடங்கும், பெண் பெயர் ந-வில். நம்பிஜின்பாவின் அண்ணன் தம்பிகள் ஜம்பிஜின்பா, அப்பா ஜங்கலா, அண்ணன் தம்பிகளின் மகன்களும் ஜங்கலா. ஆக வகுப்பில் இருக்கும் ஆறு வயது ஜங்கலா எனக்கு அண்ணன் மகன் முறையாகவும் இருக்கலாம், அப்பா முறையாகவும் இருக்கலாம். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல், சித்தப்பாவும் அப்பாதான் என்பதெல்லாம் நமக்குப் புதிதில்லை. ஒரு நாள் ஒருவர் பிள்ளையைக் கூப்பிட வாசலில் வந்து நின்றார். அக்கா சட்டென்று எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார். அந்த மனிதர் அவருக்கு மகளின் கணவர், அதாவது மருமகன் முறை. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் தாளில் எழுதித் தர மாட்டார்கள். அக்காவின் பக்கத்தில் இருந்துதான் கற்க வேண்டும்.

அவர்தான் எனக்கு இன்னொன்றையும் காட்டினார். என் வகுப்பில் ஒரு பையன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான். அடம் என்று நினைத்து இரண்டு முறை கடிந்துகொண்டேன். அக்கா எதுவும் பேசாமல் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவனுக்கு நடுச்செவியில் சீழ், பாதிதான் கேட்கும். அந்தப் பகுதிக் குழந்தைகளிடம் இது மிகப் பரவலான நோய். வீட்டில் நெருக்கடி, தண்ணீர் வசதிக் குறை, கைக்குழந்தையிலேயே தொடங்கும் தொற்று என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அதன்பின் முகம் பார்த்துப் பேசினேன், வகுப்பில் ஒலிபெருக்கி வைத்தோம். எல்லாவற்றையும்விட உதவியது கைச்சைகை. வார்ல்பிரிப் பெண்களிடம் முழுமையான ஒரு சைகை மொழி இருக்கிறது. கணவனை இழந்தவர்கள் நீண்ட காலம் பேசாதிருக்கும் வழக்கத்தில் வளர்ந்தது. அக்கா கையை அசைத்தால் அந்தப் பையன் முதல் ஆளாக எழுந்து நிற்பான்.

சாவு பற்றியும் சொல்ல வேண்டும். யாராவது இறந்தால் ஊரே துக்கத்தில் இறங்கும், வகுப்பு பல நாள் காலியாகக் கிடக்கும். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயருள்ள பிள்ளையையும் "குமன்ஜாயி" என்னும் மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். வருகைப் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கும் பழக்கத்தை நான் விட்டதற்கு அதுதான் காரணம். வருகை விகிதம் குறைவு என்று கடிதம் வரும்போது, அந்த மாதம் எத்தனை துக்கம் என்பது அதில் இருக்காது.

சரி, அன்றாடம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், குளிர்கால விடியலில் விரல் விறைக்கும். செம்மண் தூசி அரிசிக்குள்ளும் வரும். மழை பெய்தால் சாலை மூடும். கடையில் காய்கறி விலை நகரத்தைவிடக் கூடுதல், லாரி வந்த மறுநாள் போனால்தான் நல்லது கிடைக்கும். மதுவுக்குத் தடை. வீட்டு மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். பணம் தீர்ந்தால் விளக்கும் விசிறியும் நிற்கும். மறுநாள் காலை பிள்ளை மேசையில் தலை சாய்த்தால் எழுப்பாதீர்கள், தூங்கட்டும். மாலையில் கால்பந்து, அதுவும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும்.

நான் கண்ட நல்ல பள்ளி நாட்கள் வகுப்பறைக்கு வெளியே நடந்தவை. பாட்டிகளை ஏற்றிக்கொண்டு லேண்ட் குரூசரில் காட்டுக்குப் போவோம். அவர்கள் கம்பியால் தரையைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "யள்ளா" என்னும் கிழங்கு எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கே எனக்குத் தடம் காட்டிப் பாடம் எடுக்கும். வகுப்பில் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்டால் அது கூச்சம், "குண்டா" என்பார்கள். கூட்டமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

போகும் முன் செய்ய வேண்டியவை: அங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய வேண்டும், குழந்தைகளோடு பணிபுரிய ஓக்கர் கார்டு என்னும் அனுமதி அட்டை வாங்க வேண்டும். 1976 நில உரிமைச் சட்டப்படி அது அவர்களின் நிலம், எனவே நுழைய அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பருப்பு, புளி, மிளகாய்த்தூள் ஆலிஸிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆண்டுக்கு என்றால் தயவுசெய்து யோசியுங்கள். புதிதாக வருபவரிடம் பிள்ளைகள் முதல் நாளே "எப்போ போவாய்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நேர்மையான பதிலோடு போங்கள்.