பொம்மைகளை அதட்டும் குட்டி டீச்சர்

வணக்கம் சகோதரி. மதுரையிலிருந்து பெங்களூரு வந்த மூன்றே மாதத்தில், உங்கள் நான்கு வயது மகள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, டீச்சராகி, கன்னடத்தில் அதட்டி ஸ்கேலால் அடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

புது ஊர், புரியாத மொழி. வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டில்தான் அதிகாரம் கிடைக்கிறது. பகலில் விழுங்கியதை மாலையில் அசைபோடுகிறாள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில், விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். டீச்சராக நடிக்கும்போது டீச்சரின் மனத்துக்குள்ளும் அவள் போய்வருகிறாள்.

நீங்கள் கடைசி வரிசையில் மாணவியாக உட்காருங்கள். "மிஸ், எனக்குக் கன்னடம் புரியவில்லை, பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவள் தரும் பதில்தான் அவள் ஏங்கும் பதில். நாங்கள் பெங்களூரு அல்சூரில் குடியேறிய வருடம், இதைக் கேட்ட என் மகன் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடிபட்ட பொம்மைக்கு மருந்து போடவும் அவளையே அழையுங்கள்.

பள்ளிக்குப் போகவே நடுங்கினாலோ, தூக்கத்தில் அலறினாலோ, அங்கே யாராவது அடிக்கிறார்களா என்று உடனே நேரில் போய்க் கேளுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையையும் ஒருநாள் கூப்பிடுங்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் மரச் சொப்புகளை நடுவில் பரப்பிவிட்டால் போதும். இருவரும் சேர்ந்து சமைக்கத் தொடங்கிவிடுவார்கள்.