சளி டப்பாவும் நாவலில் வரட்டும்

கேள்வி: ஐயா, காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நான் முழுமையாகக் குணமாகிவிட்டேன். அந்த நாட்களை நாவலாக எழுத ஆசை. "ஊருக்குத் தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று அம்மா தடுக்கிறார். முதல் நாவலே நோயைப் பற்றியதாக இருக்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: தாராளமாக இருக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் பால் கதென் அப்படித்தான் தொடங்கினார். 1907இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். காசநோய் கண்டு, ஆல்ப்ஸ் மலையில் ஒரு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், தங்க நேர்ந்தது. அந்த அனுபவத்தில் விளைந்ததுதான் 1941இல் வெளிவந்த முதல் நாவல் 'சிலோவே'. ஆனால், நாயகன் சிமோன் பள்ளி ஆசிரியர் அல்ல. பாரிஸில் படிக்கும் மாணவன். படிப்பு, தேர்வு என்றே ஓடிக்கொண்டிருந்தவன், காசநோய் கண்டு மலைக்குப் போன பிறகுதான் மரத்தையும் பனியையும் கண்கொண்டு பார்க்கிறான். காதலிக்கவும் செய்கிறான்.

அம்மாவின் கவலைக்கும் இதில் வழி இருக்கிறது. நாயகிக்கு வேறு வேலை, வேறு தெரு கொடுங்கள். நோயை மட்டும் மாற்றாதீர்கள்.

சானடோரியம் உங்களுக்கு அந்நியமா என்ன? தாம்பரம் போகும் ரயிலில் உங்களுக்கு அடுத்த நிலையத்தின் பெயரே அதுதான்! டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய சானடோரியத்தால் வந்த பெயர் அது. கதென் 1956இல் காசநோயாலேயே இறந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் வந்தது. 1959இல் அதன் ஆய்வு முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்ட ஏழைகளும், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாற இதுவும் காரணம். சென்னைக்காரர்கள் இதற்காகப் பெருமைப்பட வேண்டும் என்பேன்.

ஆகவே, உங்கள் நாவல் மலையில் நடக்காது. கூடத்திலும் அடுக்களையிலும் நடக்கும். அதை விட்டுவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை விழுங்கிய பிறகு சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு பதறியது, விடிந்ததும் பரிசோதனைக்கான சளி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இருமியது, எல்லாம் வரட்டும். பல வீடுகளைப்போல உங்கள் வீட்டிலும் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்களா? அப்படியானால், அந்தத் தட்டை மறுபடி மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கியது யார்? அம்மாவா, நீங்களேவா? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.