ஃபியூஷன் படிக்கத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

மகள் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டில்தான் இருக்கிறாள், நேரம் கைமீறிப் போகவில்லை. ஆறுதலாகச் சொல்ல இவ்வளவுதான் உண்டு, மற்றதைக் கறாராகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சான் "இனி ஃபியூஷன்தான், நியூக்ளியர் இன்ஜினியரிங் எம்.எஸ். சேர்த்துவிடுங்கள்" என்கிறார் என்பதற்காகத் தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்து 40 லட்சம் வாங்காதீர்கள். ஃபியூஷன் என்பது லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு முறை.

கணக்கைப் பாருங்கள். 40 லட்சத்துக்கு 11 விழுக்காடு வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 55,000 ரூபாய். படிக்கும் இரண்டு ஆண்டும் வட்டி கட்டாமல் விட்டால் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அசலில் ஏறும், தவணை 67,000-ஐத் தொடும். தறியும் தோட்டமும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்வதில்லை. மச்சான் பொறியியல் முடித்துப் போனவர், அவருக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது.

அதைவிட முக்கியம், கடிதத்தின் அடியில் மகள் தன் கையால் எழுதிய இரண்டு வரி. உலை வடிவமைக்க ஆசையில்லை, கட்டியது பாதுகாப்பானதா என்று சரிபார்க்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். இத்தனை தெளிவாகச் சொல்லும் பிள்ளையை வடிவமைப்புப் படிப்பில் தள்ளுவது அநியாயம். அவள் கேட்பது உரிமம் வழங்கும் துறையின் வேலை. அதற்கு வழி வேறு.

இணைவு உலைக்கு எந்தச் சட்டத்தில் உரிமம் தருவது என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்.ஆர்.சி., 2023 ஏப்ரலில் அதை அணுமின் உலைகளின் விதிகளுக்குள் கொண்டுவராமல், துகள் முடுக்கிகளுக்கும் கதிரியக்கப் பொருள்களுக்கும் உள்ள விதிகளின் கீழ் வைப்பதாக முடிவெடுத்தது. 2024 ஜூலையில் கையெழுத்தான அட்வான்ஸ் சட்டம் அதையே உறுதிப்படுத்தியது. பிரிட்டனில் 2023 எரிசக்திச் சட்டப்படி இணைவு உலைக்கு அணு உலைத் தள உரிமமே தேவையில்லை, சுற்றுச்சூழல் முகமையும் பணியிடப் பாதுகாப்புத் துறையும் பார்த்துக்கொள்ளும். காரணம் எளிது. யுரேனியம் இல்லை, தொடர்வினை இல்லை, வெற்றிடம் கெட்டால் உள்ளே எரியும் கொதிவாயுவான பிளாஸ்மா அணைந்துவிடும். உரிமம் தருபவர் கேட்பதற்கு மிஞ்சுவது மூன்று: எரிபொருளான கதிரியக்க ஹைட்ரஜன், அதாவது ட்ரிட்டியம் எங்கே எவ்வளவு, நியூட்ரான்களை எது தடுக்கிறது, கதிரியக்கம் ஏறிய உலோகத்தைக் கடைசியில் யார் செலவில் அகற்றுவது.

இந்த மூன்றும் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காரரின் கேள்விகள். ஆள் எடுப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. என்.ஆர்.சி.யில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மாசசூசெட்ஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் இந்த உரிமங்களை மாநில அரசின் கதிர்வீச்சுப் பிரிவே கொடுக்கிறது. ஆக மச்சான் சொல்லும் பட்டத்தை வாங்கினாலும் மகள் விரும்பும் நாற்காலி அவளுக்காகக் காலியாக இருக்கப்போவதில்லை.

பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. பக்கம் நான் போகவில்லை, அதெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களுக்கே அத்துப்படி. அவர்கள் யாரும் வாயெடுக்காத ஒன்று, கதிர்வீச்சை அளந்து பாதுகாப்பாகக் கையாளும் கதிரியல் இயற்பியல். போக இரண்டு வழி உண்டு. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு டிப்.ஆர்.பி. பட்டயத்தில் சேர்வது ஒன்று. நுழைவுத் தேர்வு இளநிலை இயற்பியலைத் தோண்டிக் கேட்கும், இடங்கள் சொற்பம், பி.எஸ்சி.யிலும் எம்.எஸ்சி.யிலும் முதல் வகுப்பு இல்லாமல் ஆசைப்பட வேண்டாம். மற்றது, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள இரண்டாண்டு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல். எதை முடித்தாலும் புற்றுநோய் கதிர்சிகிச்சை மருத்துவமனையில் 12 மாதப் பயிற்சி கட்டாயம். அதன் பிறகே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், அதாவது ஆர்.எஸ்.ஓ. தேர்வு, பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியாலஜி டெக்னாலஜி என்ற பெயரில் நடப்பவை தொழில்நுட்பர் படிப்புகள், அதிலிருந்து இந்தப் பதவிக்குத் தாவ முடியாது. மருத்துவ இயற்பியல் என்றே பெயர் போட்டிருந்தாலும், வாரியம் அங்கீகரித்த படிப்பா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

மருத்துவமனைக்கும் ஃபியூஷனுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் 15 மெகாவோல்ட் லினாக் இயந்திரம் ஓடும்போது எக்ஸ்-ரேயோடு நியூட்ரானும் கிளம்பும். அதற்காகத்தான் வாசலுக்கு நேர்வழி விடாமல் வளைந்த நடைபாதை கட்டி, கதவில் போரான் கலந்த பாலிதீன் வைக்கிறார்கள். இணைவு உலையில் அதே நியூட்ரான் 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வரும், கணக்கு பெரிதாகும், கேள்வி மாறாது. சுவரைத் தடிமனாகக் கட்டிவிட்டுக் கூரையை மெல்லியதாக விட்டால், மேலே போன நியூட்ரான் காற்றில் சிதறி வேலிக்கு வெளியே இறங்கும். கேபிளுக்குச் சுவரில் நேராகத் துளை போட்டால் அதன் வழியே பாயும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட ஓட்டையைத் தேடுவதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை. லினாக் அறைக்கு இடம், வரைபடம், கொள்முதல், இயக்கத் தொடக்கம், உரிமம் என்று படிப்படியாக வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுப் பழகியவளுக்கு உரிமக் கோப்பு எப்படி நகரும் என்பது கைவந்திருக்கும்.

ட்ரிட்டியத்தைப் பழகவும் தமிழ்நாட்டிலேயே இடம் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கனநீர் உலை, கனநீரில் உள்ள டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் நியூட்ரானை வாங்கி ட்ரிட்டியமாகும். அதன் பீட்டா கதிர் மிகப் பலவீனமானது, கதிரளவைப் பதியச் சட்டையில் குத்தும் டி.எல்.டி. பட்டைக்குப் பிடிபடாது. அதனால் பணியாளர்களின் சிறுநீர் மாதிரியைத்தான் சோதிப்பார்கள். மாதிரி எடுக்கும் நாள் தள்ளிப்போனால் அளவைக் குறைத்து மதிப்பிடும் ஆபத்து உண்டு, ஏனென்றால் உடலில் சேர்ந்ததில் பாதி சுமார் 10 நாளில் வெளியேறிவிடும்.

ஒழுங்குமுறை வாரியத்துக்குள்ளேயே போக ஆசைப்பட்டால், எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே அணுசக்தித் துறை அறிவியல் அலுவலர்களை எடுக்கும் ஓ.சி.இ.எஸ். தேர்வை எழுதட்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26, ஓ.பி.சி.க்கு 29. ஓராண்டு சும்மா வீட்டில் உட்கார்ந்தாலும் அது இந்தக் கணக்கில் நட்டம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து தருகிறது, தனியாருக்கும் அணுமின் துறையைத் திறக்கிறது. சரிபார்க்கும் ஆளுக்குத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உரிமம் கேட்டு நிற்கும் இணைவு மின்நிலையம் இந்தியாவில் இன்று ஒன்றும் இல்லை. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவை ஆய்வுக் கருவிகள். அந்த நாள் வர 10 ஆண்டானாலும் 20 ஆண்டானாலும், ஆர்.எஸ்.ஓ. தகுதி உள்ளவளின் சம்பளம் அதற்காகக் காத்திருக்காது. கதிர்சிகிச்சை நடத்தும் மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் அந்த அலுவலர் கட்டாயம்.

முடிவெடுக்கும் முன் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள், செலவில்லாதது. மேலே சொன்ன கதிரியக்கப் பொருள் விதிகள், அமெரிக்க விதித்தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் பகுதி 30, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 30.32, 30.72 ஆகிய இரு பிரிவுகளையும் படிக்கட்டும். 20,000 கியூரிக்கு (கியூரி கதிரியக்கத்தின் அலகு) மேல் ட்ரிட்டியம் வைத்தால், கசிந்தாலும் வெளியே இருப்பவருக்குக் கதிரளவு 10 மில்லிசீவெர்ட்டைத் தாண்டாது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் அவசரகாலத் திட்டம் தர வேண்டும். ஒரு கிராம் ட்ரிட்டியம் சுமார் 9,600 கியூரி, ஆக வரம்பு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அந்த இரண்டு கிராமும் வாயுவாகக் கசிந்தால் எவ்வளவு, நீராவியாகக் கசிந்தால் எவ்வளவு என்று வேலியோரத்தில் நிற்பவருக்குக் கணக்குப் போடட்டும். சுவாசத்தில் போனால் நீராவி வடிவம் வாயுவைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு கதிரளவு தரும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், மீதியை அவளே தேடட்டும். பத்து நாள் கொடுங்கள். இரண்டாம் நாளே மூடி வைத்தாள் என்றால் இந்த வழியும் வேண்டாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். காற்றின் வேகத்தை எவ்வளவு என்று வைத்துக்கொள்வது என்று அவளே கேட்டு வந்தால், டிப்.ஆர்.பி. பழைய வினாத்தாள்களைத் தேட ஆரம்பியுங்கள்.