அறுவைச் சிகிச்சை ஒன்று. எதற்கு இத்தனை பேர்?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. உயரம் 170 செ.மீ., எடை 118 கிலோ. பல ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு), இன்சுலின் போடுகிறார். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் சம்மதித்துவிட்டார். ஆனால் தேதி தராமல் உணவியல் நிபுணர், உளவியல் நிபுணர், தூக்கப் பரிசோதனை என்று அலைய விடுகிறார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று இவர் கோபப்படுகிறார். இதெல்லாம் தேவைதானா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தேவைதான், சகோதரி. கேட்ட அன்றே தேதி குறித்துத் தரும் இடங்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் உடல் நிறை குறியீடு உங்கள் கணவருக்கு ஏறத்தாழ 41. ஆசியர்களுக்கு 27.5-ஐ எட்டினாலே உடற்பருமன் என்கிறோம். எனவே அவருடைய தகுதியில் ஐயமில்லை. பாதுகாப்பாக மேசையில் படுத்து எழுந்திருப்பாரா, அதன்பிறகு எப்படி வாழ்வார் என்பதைத்தான் இத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

பருமனானவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. அது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து; தூக்கப் பரிசோதனை அதற்காகவே. உளவியல் நிபுணர் பைத்தியத்தைத் தேடுவதில்லை. கவலை வந்தால் நள்ளிரவில் சாப்பிடுகிறாரா, மது உண்டா என்று கேட்பார். வயிறு சுருங்கினாலும் கவலை சுருங்காது. சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களில் சிலர் பிறகு மதுவில் தேடுகிறார்கள். அறுவைக்குப் பின் போதை வேகமாகவும் ஏறும்.

என்னைக் கேட்டால், இந்தக் குழுவில் உங்கள் குடும்பத்துக்கு மிகவும் வேண்டியவர் உணவியல் நிபுணர். அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம் கலோரி குறைந்த உணவு கொடுப்பார். அதனால் கொழுப்பேறிய கல்லீரல் சற்றுச் சுருங்கி, அறுவை மருத்துவருக்கு இரைப்பையை எட்ட வழி கிடைக்கும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டபின் முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. அந்தச் சிறு கொள்ளளவுக்குள் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போயாக வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். ரசத்தையும் பருப்புத் தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தைப்பூச விரதம் இருப்பவர் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயா), டோஃபு, தயிர் என்று திட்டமிடுவார்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுவதும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. இன்னொன்று: ரொட்டி சானாய் சிறிய இரைப்பையில் அடைத்துக்கொள்ளும், இனிப்புப் பால் தேநீரான தே தாரிக் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எடை மறுபடி ஏறியவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது பானங்களைப் பற்றித்தான்.

குழுவில் நீரிழிவு மருத்துவரும் மருந்தாளரும் ஏன் என்றால், அறுவை முடிந்த சில நாள்களிலேயே இன்சுலின் தேவை வெகுவாகக் குறையலாம். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். அளவை அவர்களே மாற்றித் தரட்டும்; நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

குழுவிலுள்ள தாதியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் நெஞ்சு படபடத்தல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் "கேஸ்" என்று பக்கத்துக் கிளினிக்கில் மருந்து வாங்காதீர்கள். தையலிட்ட இடம் கசியலாம், நுரையீரலில் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டாலும் அப்படியே. வாந்தியால் வைட்டமின் பி1 வற்றினால் மூளை பாதிக்கப்படும்.

உணவியல் நிபுணரைப் பார்க்க அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். சமைப்பவர் நீங்கள் என்றால் நீங்களும் உடன் உட்காருங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். மூட்டு வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.